பேசா நோயாளியும் நாட்பட்ட மருந்தும்

மருந்துகளை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். ஒன்று, நோயோடு வந்து நோயோடு போய்விடுவது. மற்றையது, ஒருமுறை வந்தபின் வீட்டைவிட்டுப் போகாதது. முதல்வகை மருந்தை ஒருவர் உட்கொள்ளும் நாட்களில் வீட்டார் அனைவரும் விழித்திருப்பர். காய்ச்சல் தணிந்ததா, புண் ஆறியதா என்று வேளைக்கு வேளை பார்ப்பர். இரண்டாம்வகை மருந்தோ சில மாதங்களுள் உப்பையும் புளியையும் போல வீட்டுச் சாமான்களுள் ஒன்றாகிவிடுகிறது. காலையும் மாலையும் கை தானாகவே போத்தலை எடுக்கும். எண்ணம் வேறெங்கோ இருக்கும். அம்மருந்தை உண்பது வாய் பேசாத பிராணியாயின் இந்தக் கவனக் குறைவினால் விளையக்கூடிய தீங்கு மேலும் பெரிது.

நீண்டகால மருந்து பெறும் வளர்ப்புப் பிராணிகளைக் குறித்த காலத்துக்கொருமுறை மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று பரிசோதித்தல் வேண்டும் என்பது வைத்திய உலகில் நன்கு அறியப்பட்ட விதி. நோய் தணிந்து, பிராணி ஓடியாடித் திரியும்பொழுதும் இவ்விதி தளர்வதில்லை. நலமாகத் தோன்றும் ஒன்றைச் சோதிப்பது எதற்காக என்ற கேள்வி எவருக்கும் எழுவது இயல்பே. எங்கள் வீட்டு நாயொன்றின் மூலம் அக்கேள்விக்கு நான் பெற்ற விடையினை இங்கு எழுத முற்படுகிறேன்.

கொக்குவிலில் என் பெற்றோரின் வீட்டில் வளரும் அந்நாயின் பெயர் சீசர். உயர்ந்த இனம் எதனையும் சேர்ந்ததன்று, சாதாரண ஊர்நாய். பெயரிட்டவன் என் தம்பி. உரோமத் தளபதி யூலியஸ் சீசருக்கும் வலிப்பு நோய் இருந்ததாகப் புளூட்டாக் எழுதியிருக்கும் செய்தி பெயரிட்ட வேளையில் அவனுக்குத் தெரியாது. 2018 ஆம் ஆண்டில், நாய்க்கு இரண்டு வயது நடக்கும்பொழுது, ஒருநாள் விடியற்காலையில் அது முற்றத்தில் விழுந்து, கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ள, ஏறத்தாழ இரண்டு நிமிடம் துடித்தது. பின் எழுந்து, வீட்டாரை அறியாததுபோலச் சுவரோரமாக நெடுநேரம் நடந்தது. மூன்று மாதங்களுள் இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது.

யாழ்ப்பாண நகரில் தொழில் புரியும் மிருக வைத்தியர், வயதில் இளையவரான ஒரு பெண்மணி, நாயை முற்றாகப் பரிசோதித்தார். குருதியையும் சோதிப்பித்தார். வேறு காரணம் எதுவும் புலப்படவில்லை. காரணம் அறியப்படாத வலிப்பு நோய் நாய்களில் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையிலேயே தலைகாட்டும் என்றும், அதனை அடியோடு மாற்ற இயலாது, அடக்கி வைக்கவே இயலும் என்றும் கூறினார். பீனோபாபிற்றோன் குளிசையை எழுதிக் கொடுத்தார்.

இம்மருந்தின் வரலாறே கூர்ந்து நோக்குதலின் பயனைக் காட்டுவது. 1912 இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் லூமினல் என்னும் பெயரில் இதனை விற்பனைக்கு விட்டது. நித்திரையையும் அமைதியையும் தருவதே இதன் தொழிலெனக் கருதப்பட்டது. அதே ஆண்டில் பிறைபேர்க் நகரில் கடமையாற்றிய அல்பிரட் ஹௌப்மான் என்னும் இளம் வைத்தியர், இதனைப் பெற்ற வலிப்பு நோயாளருக்கு வலிப்புகள் குறைவதை அவதானித்து எழுதினார். நூறாண்டுக்கு மேலாகியும் மனிதருக்கும் நாய்களுக்கும் இம்மருந்து பயன்பட்டு வருகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 1977 இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

சீசரின் நிறை அப்பொழுது 16 கிலோகிராம். காலையில் 45 மில்லிகிராம், இரவில் 45 மில்லிகிராம் என அளவு குறிக்கப்பட்டது. 30 மில்லிகிராம் குளிசையில் ஒன்றரை. இரண்டு வாரம் கழித்துக் குருதியில் மருந்தின் அளவு பார்க்கப்பட்டது. மருந்து உடலில் ஒரு நிலையான மட்டத்தை எய்த ஏறத்தாழ அக்காலம் செல்லும். ஒரு மில்லிலீற்றரில் 24 மைக்கிரோகிராம் இருந்தது. பொதுவாக 15க்குக் குறைந்தால் பயன் ஐயத்துக்குரியது. 35ஐத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்துக் கூடும். ஆகவே 24 மனநிறைவு தரும் எண். வலிப்பும் நின்றது. ஆறு மாதத்துக்கொருமுறை திரும்ப வரவேண்டும் என்று வைத்தியர் கூறியனுப்பினார்.

ஆறு மாதம் கழிந்ததும் சிக்கல் தொடங்கிற்று. என் தந்தையார் ஓய்வுபெற்ற தபாலதிபர். கணக்கில் கறாரானவர். நாய்க்கு நேரந் தவறாது மருந்து கொடுப்பவரும் அவரே. நோயே இல்லாதபொழுது பரிசோதனைக்குப் பணம் செலவிடுவது அவருக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. நாயை மேசைமீது ஏற்றிவிட்டு வைத்தியரிடம் நேராகவே கேட்டார்.

"நாய் நல்லாத்தானே நிக்குது, பிள்ளை. பிறகேன் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறியள்?"

வைத்தியர் சிரித்துக்கொண்டு, "ஐயா, நீங்கள் சீனி வருத்தத்துக்குக் கிளினிக்குக்குப் போறனீங்கள்தானே?" என்றார்.

"மாதாமாதம் போறனான்."

"சுகமில்லாமலோ போறனீங்கள்?"

"நான் வாய் திறந்து சொல்லுவன், பிள்ளை, எனக்குத் தலை சுத்துது, கால் விறைக்குது எண்டு. எண்டாலும் அவை இரத்தம் பாக்காமல் மருந்து தரமாட்டினம்."

"சொல்லக்கூடிய உங்களுக்கே பாக்கினம் எண்டால், சொல்லேலாத இதுக்குப் பாக்க வேண்டாமோ, ஐயா?"

அப்பா மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. ஆயினும், வீடு வந்ததும் பழைய அப்பியாசக் கொப்பியொன்றை எடுத்துக் கோடு கீறி, திகதி, நேரம், குளிசை, நிறை, வலிப்பு, வேறு விசேடம் என்று ஆறு நிரல்கள் வகுத்தார். தமது கிளினிக் கொப்பியின் அருகிலேயே அதனையும் வைத்தார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவன் ஆராய வேண்டியவை மூன்று என்று கூறும். நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் என்பன அவை. அதன் இறுதிக் குறள், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என்னும் நால்வகையில் அடங்குவதெனக் கூறும். ஆறு மாதப் பரிசோதனை எதனைச் செய்கிறது என்பதை இவ்விரு குறள்களையும் அடியொற்றி விளக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.

முதலாவது, நோயுற்றவனின் அளவு. பீனோபாபிற்றோன் பசியையும் தாகத்தையும் கூட்டும். சீசர் தன் பங்கை உண்டபின் கோழிகளின் பங்கையும் உண்ணத் தொடங்கியது. வீட்டார் இதனை உடல்தேறும் அறிகுறி எனக் கொண்டு மகிழ்ந்தனர். 2021 இல் அதன் நிறை 20 கிலோகிராம். கொடுத்த அளவோ அதே 45 மில்லிகிராம். கிலோகிராம் ஒன்றுக்கு 2.8 மில்லிகிராமாக இருந்தது 2.25 ஆகிவிட்டது. மருந்துச் சிட்டையில் ஓரெழுத்தும் மாறாதிருக்க, மருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இரண்டாவது, காலம். இம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்புப் பெரும்பாலும் ஈரலினுடையது. நாள்தோறும் மருந்து வந்துகொண்டிருக்க, ஈரல் அதற்கெனத் தன் நொதியங்களைப் பெருக்கிக்கொள்கிறது. எனவே முதல் மாதத்தில் உடலில் நெடுநேரம் தங்கிய அதே அளவு மருந்து, பின்னர் விரைவாகவே வெளியேறிவிடுகிறது. கொடுப்பவரும் தவறவில்லை, மருந்தும் பழுதில்லை, உடல் மாறிவிட்டது. இம்மாற்றம் வெளியே தெரிவதன்று. குருதியில் மருந்தின் அளவைப் பார்த்தாலொழிய அதனை அறிய வழியில்லை. மாதிரி கொழும்பிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. முன்னர் 24 ஆக இருந்த அளவு 17க்கு இறங்கியிருந்தது.

மூன்றாவது, நோயின் அளவு. இதற்குச் சான்று அப்பாவின் கொப்பி. முந்திய இரண்டாண்டுகளில் வலிப்பு நிரலில் மூன்று பதிவுகளே இருந்தன. அந்த ஆண்டின் நான்கு மாதங்களில் மட்டும் ஐந்து. எல்லாம் ஓரிரு நிமிடத்துள் அடங்கியவை. ஐந்து நிமிடத்தைக் கடந்தும் வலிப்பு நில்லாவிடின் அஃது உயிருக்கு ஆபத்தான நிலை என்றும், தாமதியாது கொண்டுவர வேண்டும் என்றும் வைத்தியர் முன்னரே எச்சரித்திருந்தார். ஆகவே அப்பா கடிகாரத்தைப் பார்த்தே எழுதியிருந்தார். நிறை, குருதியளவு, கொப்பி மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கிய வைத்தியர் மருந்தை வேளைக்கு 60 மில்லிகிராமாக, அதாவது இரண்டு குளிசையாக உயர்த்தினார். சில வாரங்களின் பின் பார்த்தபொழுது அளவு 22 ஆகியிருந்தது. வலிப்பும் அருகிற்று.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஈரல் நொதியங்களுள் ஒன்றான அல்கலைன் பொஸ்பற்றேசின் அளவு வழமைக்கு மிகையாகத் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்றே அப்பா கலங்கினார். மருந்தை நிறுத்திவிடுவோமா என்று தொலைபேசியில் என்னிடம் கேட்டார். வைத்தியரின் விளக்கம் வேறாக இருந்தது. இம்மருந்து அந்நொதியத்தின் உற்பத்தியையே தூண்டுவதால், அஃது உயர்வது ஈரல் சேதமுற்றதற்குத் தானாகவே சான்றாகாது. ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை அல்புமின் புரதம், பிலிருபின், பித்த அமிலங்கள் முதலியவற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். சீசருக்கு அவை யாவும் ஒழுங்காக இருந்தன. ஆய்வுகூட அறிக்கையைக் கையிற் பெறுவது மட்டும் பரிசோதனையாகாது என்பது இதனாற் பெறப்படும். முந்திய அறிக்கைகளோடு ஒப்பிட்டு, நாயைத் தொட்டுப் பார்த்து, அதன் பொருளைக் கூறுபவர் ஒருவர் வேண்டும்.

சீசரின் நிலை தனித்ததொன்றன்று. நீரிழிவுக்கு இன்சுலின் பெறும் பூனைகளுட் சில காலப்போக்கில் நோய் தணிந்து இன்சுலின் தேவையற்ற நிலையை அடைகின்றன. அதனை அறியாது பழைய அளவையே கொடுத்துவரின், குருதியிற் சீனி இறங்கி உயிர் போகவும் கூடும். முதிய பூனைகளின் மிகைத் தைரொயிட்டு நோய்க்கு மருந்து கொடுத்து அடக்கியபின், அதுகாறும் மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளிப்படுவதுண்டு. மூட்டு நோவுக்கு அழற்சி தணிக்கும் மருந்தை நெடுநாள் உண்ணும் நாய்களில் சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்த்தல் வேண்டும். பிறெட்னிசொலோன் நெடுநாள் பெற்ற பிராணிக்கு அதனைச் சடுதியாக நிறுத்தலாகாது. உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். மருந்துக்கு மருந்து பார்க்க வேண்டிய உறுப்பும் காலமும் வேறுபடும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. சிட்டையில் எழுதப்பட்ட அளவு, எழுதப்பட்ட திகதியில் இருந்த உடலுக்கு உரியது.

இனி, குறள் கூறும் நால்வருள் அருகிருந்து கொடுப்பவனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மனித நோயாளியிடத்தில் இவன் உதவியாளன் மட்டுமே. பிராணியிடத்தில் நோயாளியின் பாதிப் பங்கும் இவனைச் சாருகிறது. எத்தனை முறை நீர் குடிக்கிறது, படியேறும்போது பின்கால் தடுமாறுகிறதா, உறக்கம் மிகுந்ததா என வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கு நாய் விடை கூறாது. வைத்தியரின் மேசையிலே அச்சத்தினால் விறைத்து நிற்கும் நாயில் வீட்டிலுள்ள நாயைக் காணவும் முடியாது. அப்பாவின் ஆறாவது நிரலில், இரவு இருமுறை வெளியே போனது, தண்ணீர்ச் சட்டி மூன்றுமுறை நிரப்பினது என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தன. வைத்தியர் அப்பக்கங்களையே முதலில் வாசிப்பார்.

இவற்றின் முழுப் பெறுமதியையும் 2022 ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. ஆனி மாதத்தில் சீசரின் போத்தலில் எஞ்சியவை 48 குளிசைகள். நாளொன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு நாட்களுக்கு உரியவை. அப்பா சைக்கிளில் நகரின் மருந்துக்கடைகளுக்கு ஏறியிறங்கினார். ஒரு கடையில் மருந்து இருந்தது. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அப்பா உண்மையைக் கூறினார். "குறை நினையாதேங்கோ ஐயா. கிடக்கிற கொஞ்சத்தை வலிப்புக்காரப் பிள்ளையளுக்கெண்டு வைச்சிருக்கிறம்" என்றார் கடைக்காரர். "அதுதான் சரி, தம்பி" என்று கூறி அப்பா திரும்பிவிட்டார்.

பீனோபாபிற்றோனைச் சடுதியாக நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு தொடர்வலிப்பாகத் திரும்பி உயிரைக் கொள்ளக்கூடும். வைத்தியர் பழைய பதிவுகளை எடுத்தார். வேளைக்கு 45 மில்லிகிராம் கொடுத்த காலத்தில் குருதியளவு 17 என்பதும், அந்த அளவில் வலிப்பு வந்தாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கியது என்பதும் எழுத்தில் இருந்தன. ஆகவே, நாளொன்றுக்கு மூன்று குளிசையாகக் குறைக்கும்படி கூறினார். பன்னிரண்டு நாட்கள் பதினாறு ஆயின. பதினோராம் நாள் ஒரு வலிப்பு வந்தது; இரண்டு நிமிடத்தில் அடங்கியது. பதினைந்தாம் நாள் வைத்தியருக்கு வேறோரிடத்திலிருந்து மருந்து கிடைத்தது. பழைய பரிசோதனைகள் இல்லாதிருப்பின் அந்த முடிவு கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த முடிவாகவே இருந்திருக்கும்.

மருந்துக்கடைக்காரரின் சொற்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பிள்ளைகளுக்கே மருந்து போதாத நாட்டில் நாய்க்கு மருந்தும் பரிசோதனையும் எதற்கு என்ற வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பற்றாக்குறை வரும்பொழுது பிள்ளைக்கே முதலிடம் என்பதில் எனக்கு ஐயமில்லை, அப்பாவுக்கும் இருக்கவில்லை. எனினும், இவ்வினா பரிசோதனையை மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனை வற்புறுத்துவதாகவே தோன்றுகிறது. இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும், 1971 இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவருமான சேனக பிபிலே அவர்கள், வறிய நாடொன்று தனக்கு உண்மையிலே தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்து, அவற்றை அறிவுக்கிசைய வழங்க வேண்டும் என்பதற்காகவே உழைத்தார். அந்நெறியைத் தனியொரு வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்பின் பெறப்படுவது யாது? தேவையற்ற மருந்தைக் கொடாதிருத்தல், தேவைக்கு மேல் ஒரு குளிசையும் கொடாதிருத்தல், தேவையானதைக் குறையவும் விடாதிருத்தல். இவற்றை அளந்து பாராமற் செய்ய இயலாது. பொது அலுமாரியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு குளிசைக்கும் கணக்குக் காட்டும் கடமை நாய் வளர்ப்போனுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்கப்படும் அந்தச் சில மில்லிலீற்றர் குருதியே அக்கணக்கு.

செலவு ஒரு தடையே. நகரிலிருந்து தூரத்தில் வாழ்வோர்க்குப் போக்குவரத்தும் தடை. ஆயினும், இருப்பதைக்கொண்டு செய்யக்கூடியவை சில உண்டு. மாதமொருமுறை நிறுக்கலாம். நோயின் ஒவ்வொரு வெளிப்பாட்டையும் திகதியிட்டு எழுதலாம். மருந்து தீர்வதற்கு இரு வாரம் முன்னரே அடுத்ததைத் தேடலாம். மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டாமலும் குறையாமலும் வைத்தியரைக் கேட்கலாம். எல்லாப் பரிசோதனைகளையும் ஒருங்கே செய்விக்க வசதியில்லையெனின் அதனையும் அவரிடம் மறையாது கூறினால், எதனை முதலிற் செய்வது என்று அவர் தெரிந்து கூறுவார்.

2018 இல் தொடங்கிய மருந்து இன்றும் தொடர்கிறது. அப்பாவின் கொப்பி மூன்றாவதாகிவிட்டது. சீசரின் முகவாயில் நரை விழுந்திருப்பதால் இப்பொழுது சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வலிப்பு முற்றாக நீங்கவில்லை. நீங்குமென்று எவரும் வாக்களிக்கவும் இல்லை. ஒரு பிராணி முனகாமல் இருக்கிறது என்பதைக்கொண்டு அதற்கு ஒரு குறையும் இல்லையென முடிவு செய்ய எமக்கு உரிமையில்லை. அதன் மௌனத்துக்கு நலம் என்றும் பொருள் கொள்ளலாம். நோய் என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டில் எது என்பதை அறியும் பொறுப்பு, அதன் வாயைத் திறந்து குளிசையை வைக்கும் கைக்கே உரியது.